நகக்கண் அளவுப் பூச்சிக்கும் பெயர் வேண்டும்

ஆசிரியருக்கு வணக்கம்.

புதிய அந்துப்பூச்சி இனம் பற்றிய செய்தி வந்தாலே, 'நகக்கண் அளவுப் பூச்சிக்குப் பெயர் வைத்து என்ன ஆகப்போகிறது?' என்று கேட்கிறார்கள். தக்காளி போடும் விவசாயியிடம் கேட்டுப் பார்க்கட்டும். தென்னமெரிக்காவின் பெரு நாட்டில் பிடிபட்ட ஒரு சின்ன அந்துப்பூச்சியை 1917இல் விவரித்துப் பெயரிட்டவர் இங்கிலாந்தின் எட்வர்ட் மெய்ரிக். பள்ளி ஆசிரியராக இருந்தவர். 2014இல் அதே பூச்சி மகாராஷ்டிரத் தக்காளி வயல்களில் தென்பட்டது. நாம் ஊசிப்புழு என்று திட்டுவது அதன் புழுவைத்தான். பெயர் இருந்ததால்தானே, பெண் பூச்சியின் வாசனையைக் காட்டி ஆண் பூச்சிகளைப் பிடிக்கும் இனக்கவர்ச்சிப் பொறி உட்பட வெளிநாட்டு அனுபவம் நமக்கு உடனே கைகொடுத்தது!

இந்த வேலை எளிதல்ல. இறக்கை நிறம் பல சமயம் ஏமாற்றிவிடும். வயிற்றுப் பகுதியைக் காரக் கரைசலில் இளக்கி, மயிரிழை போன்ற இனப்பெருக்க உறுப்புகளைப் பிரித்து, நுண்ணோக்கியில் பழைய மாதிரிகளோடு ஒப்பிட வேண்டும். தென்னிந்தியாவிலும் இலங்கையிலும் பிடித்த எத்தனையோ பூச்சிகளின் மூல மாதிரிகள், அதாவது பெயர் வைத்தபோது ஆதாரமாகக் கொண்ட அதே பூச்சிகள், இன்றும் லண்டன் அருங்காட்சியகத்தில்தான் இருக்கின்றன. அவற்றின் தெளிவான படங்களை நம் மாணவர்களுக்குக் கிடைக்கச் செய்ய வேண்டும். வேளாண் கல்லூரிகளில், உயிரினங்களை இனம் பிரித்துப் பெயரிடும் வகைப்பாட்டியலுக்கென்றே நிரந்தரப் பணியிடங்களை அரசு உருவாக்க வேண்டும்.

- வாசகி, ஒட்டன்சத்திரம்