போர்டு மாட்டுவதற்கு முன்னால்

அன்புள்ள பாப்பா,

பாண்டிச்சேரியில் நீ நடத்தப்போகும் விடுதியின் படங்களைப் பார்த்தோம். அம்மாவுக்கு முற்றத்து ஊஞ்சல் ரொம்பப் பிடித்துவிட்டது. ஆனால் வாசலில் மாட்டப்போகும் போர்டு, ‘அனுமதி மறுக்கும் உரிமை நிர்வாகத்துக்கு உண்டு’ என்று, அதைப் பற்றித்தான் இந்தக் கடிதம். போனில் சொன்னால் ‘என் இடம்பா, யாரை விடணும்னு நான்தானே முடிவு பண்ணணும்’ என்று நீ வைத்துவிடுவாய்.

கடலூர் மஞ்சக்குப்பம் கோர்ட்டில் அத்தனை வருஷம் வக்கீல் குமாஸ்தாவாக உட்கார்ந்திருந்தவன் சொல்கிறேன், அந்தப் போர்டால் புதிதாக எந்த உரிமையும் வந்துவிடாது. அரசியலமைப்புச் சட்டத்தின் 15(2) பிரிவில் மதம், இனம், சாதி, பால், பிறந்த இடம், இந்த ஐந்தை மட்டும் வைத்துக் கடையிலோ ஓட்டலிலோ ஒரு குடிமகனைத் தடுக்கக் கூடாது என்று இருக்கிறது. ‘கடை’ என்றால் உள்ளே நுழைய விடுவது மட்டும்தானா என்று 1948 நவம்பரில் அரசியல் நிர்ணய சபையிலேயே கேள்வி வந்தது. சேவை தருகிற யாரையும் சேர்த்துத்தான் சொல்கிறேன் என்று அம்பேத்கர் பதில் சொல்லியிருக்கிறார். தீண்டாமையை வைத்துப் பொருளோ சேவையோ மறுத்தால் 1955-ஆம் வருஷச் சட்டப்படி ஒரு மாதத்திலிருந்து ஆறு மாதம் வரை உள்ளே போகலாம்.

உன் தாத்தாவின் டீக்கடையைப் பற்றி உன்னிடம் நான் பெருமையாக மட்டுமே சொல்லியிருக்கிறேன், இல்லையா? சொல்லாததும் ஒன்று உண்டு. அவர் யாருக்கும் டீ இல்லை என்று சொன்னதில்லை. எல்லாருக்கும் கொடுப்பார், எல்லாரிடமும் காசு வாங்குவார். ஆனால் கொட்டகையின் பின்பக்கம் கூரையில் நாலு கிளாஸ் தனியாகச் செருகியிருக்கும், சேரியிலிருந்து வருகிறவர்கள் அதைத் தாங்களே எடுத்து, நீட்டி, குடித்துவிட்டுத் தாங்களே கழுவி வைக்கவேண்டும், காசைத் தரையில் வைக்கவேண்டும். அந்தச் சட்டம் வந்து எவ்வளவோ வருஷம் கழித்து நடந்தது இது. நான் எட்டாவது படிக்கும்போது ஒரு நாள் என் வகுப்புப் பையன் அவன் அப்பாவோடு வந்தான். தாத்தா வெளியே போயிருந்தார். நான்தான் மேலேயிருந்து ஊற்றினேன். மறுநாள் பள்ளிக்கூடத்தில் அவன் என் பெஞ்சில் உட்காரவில்லை. ஏன் என்று நானும் கேட்கவில்லை. அந்தக் கடைக் காசில்தான் நான் படித்தேன்.

அதற்காக வருகிறவனையெல்லாம் உள்ளே விடு என்று சொல்லவில்லை. சனிக்கிழமை ராத்திரி பாண்டிச்சேரிக்கு எதற்கு வண்டி கட்டிக்கொண்டு வருகிறார்கள் என்று கடலூர்க்காரனுக்குத் தெரியாதா என்ன. குடித்துவிட்டுக் கலாட்டா பண்ணுகிறவன், அடையாள அட்டை காட்டமாட்டேன் என்கிறவன், வேலைக்கு வரும் அக்காவிடம் கை நீட்டுகிறவன், எவனாயிருந்தாலும் வெளியே அனுப்பு, போலீஸைக் கூப்பிடு, அப்புறம் எனக்கும் ஒரு போன் போடு. அதற்குப் போர்டு எதற்கு?

கல்யாணமாகாத ஜோடி வந்தால் என்ன செய்வது என்று கேட்டிருந்தாய். அந்த ஐந்தில் அது இல்லை. கோயம்புத்தூரில் ஒரு விடுதியைப் பூட்டி சீல் வைத்த வழக்கில், அப்படித் தங்குவது குற்றமே இல்லை என்று 2019-இல் சென்னை உயர்நீதிமன்றம் சொன்னது. குற்றமில்லை என்பதும் நீ கட்டாயம் அறை தரவேண்டும் என்பதும் ஒன்றல்ல, சரிதான். உங்கம்மா கூடாது என்கிறாள். எனக்கும் முதலில் கொஞ்சம் சங்கடமாகத்தான் இருந்தது, ஆனால் யோசித்துப் பார்த்தால் இரண்டு பேரும் வயது வந்தவர்கள், அட்டை காட்டுகிறார்கள், வாடகை கொடுக்கிறார்கள், நமக்கென்ன?

அமெரிக்காவில் ஓரினக் கல்யாணத்துக்குக் கேக் செய்யமாட்டேன் என்ற கடைக்காரர் உச்ச நீதிமன்றத்தில் ஜெயித்தாரே என்றும் நீ சொன்னாய். 2018-இல் ஏழுக்கு இரண்டு என்று ஜெயித்தார், உண்மைதான். ஆனால் அவர் புகாரை விசாரித்த மாநில ஆணையம் அவருடைய மத நம்பிக்கையை மட்டமாகப் பேசியது என்பதால் வந்த தீர்ப்பு அது. யாரை வேண்டுமானாலும் திருப்பி அனுப்பலாமா என்ற கேள்விக்குள்ளேயே நீதிபதிகள் போகவில்லை.

எனக்கு உண்மையில் உறுத்தியது போர்டுகூட இல்லை. உன் பார்ட்னர் சொன்னதாகச் சிரித்துக்கொண்டே சொன்னாயே, ‘போன்ல பேரைக் கேட்டுட்டு ஃபுல்லுன்னு சொல்லிடலாம்’ என்று, அதுதான் எனக்குத் தூக்கம் வரவில்லை. உன் அண்ணன் சென்னையில் வீடு தேடி அலைந்தபோது எத்தனை வீட்டுக்காரர்கள் ‘என்ன சாப்பிடுவீர்கள்’ என்று கேட்டுவிட்டு ‘நேத்துதான் அட்வான்ஸ் வாங்கினோம்’ என்றார்கள், நினைவிருக்கிறதா? நீதான் அன்றைக்கு எல்லாரையும் விட அதிகமாகக் கத்தினாய். தாத்தா கடையில் கிளாஸாவது கண்ணுக்குத் தெரிந்தது, பாப்பா. ‘ஃபுல்’ என்று சொன்னால் அந்த ஆளுக்குத் தன்னை எதற்காக அனுப்பினார்கள் என்றே தெரியாது, வழக்குப் போடவும் முடியாது. திருப்பி அனுப்புவதென்றால் காரணத்தை அவர் முகத்துக்கு நேரே சொல்ல முடிகிறதா என்று பார். சொல்ல வாய் கூசினால் அறையைக் கொடுத்துவிடு.

ஞாயிற்றுக்கிழமை காலை பஸ்ஸில் வருகிறோம். அம்மா கருவாடு கட்டி வைத்திருக்கிறாள், விருந்தினர் அறைப் பக்கம் வைக்காதே. போர்டுக்குக் கொடுத்த அட்வான்ஸைப் பெயின்டர் திருப்பித் தருவாரா என்று கேள், தராவிட்டால் ‘செருப்பை வெளியே விடவும்’ என்று எழுதி வாங்கிக்கொள்.

அப்பா