துபாய் விமான நிலையத்தில் எங்களைத் தாங்கியவர்களுக்கு

அன்புடையீர்,

உங்களில் ஒருவருடைய முகவரிகூட என்னிடம் இல்லை. அந்த அமளியில் பெயர் கேட்டு வைத்துக்கொள்ளவும் தோன்றவில்லை. அதனால்தான் நன்றியைப் பொதுவில் எழுதுகிறேன். 2024 ஏப்ரல் 16 அன்று துபாய் விமான நிலையத்தில் நீங்கள் வேலையில் இருந்திருந்தாலோ, எங்களைப் போலவே மாட்டிக்கொண்டிருந்தாலோ, சக்கர நாற்காலியில் நீல ஸ்வெட்டரோடு உட்கார்ந்திருந்த கும்பகோணத்து அம்மாவைப் பார்த்திருப்பீர்கள். அவருடைய மகன் நான்.

லண்டனில் தங்கை வீட்டிலிருந்து ஊர் திரும்பிக்கொண்டிருந்தோம். காலையில் துபாயில் இறங்கி இரவு சென்னை விமானம் ஏறுவதாகத் திட்டம். சித்திரை பிறந்து மூன்றாம் நாள், பாலைவன ஊரில் பேய்மழை. மதியத்துக்கு மேல் கண்ணாடி வழியே பார்த்தால் விமானங்கள் தண்ணீரைக் கிழித்துக்கொண்டு ஊர்ந்தன. 1949-இல் பதிவு தொடங்கியதிலிருந்து அமீரகம் கண்டிராத மழையாம் அது. அல் ஐன் பக்கம் கத்ம் அல் ஷக்லாவில் ஒரு நாளைக்குள் 254 மில்லிமீட்டர் கொட்டியிருக்கிறது. துபாயில் வருஷம் முழுக்கப் பெய்தாலே 100 மில்லிமீட்டர் தேறுவது அரிது. சென்னைக்காரர்கள் சிரிக்க வேண்டாம். மிக்ஜாம் புயலில் நம் விமான நிலையமும் மூடித்தான் கிடந்தது. துபாயில் 16, 17 இரண்டு நாளில் மட்டும் 1,244 விமானங்கள் ரத்து, 41 திருப்பிவிடப்பட்டன என்று விமான நிலையத் தலைவரே பிறகு அறிவித்தார். அந்த 1,244-இல் எங்களுடையதும் ஒன்று.

முதல் நன்றி, இணைப்பு விமானங்களுக்கான கவுண்டரில் இருந்த அந்த சகோதரிக்கு. முந்தின இரவு வேலைக்கு வந்தவர் நீங்கள். உங்களை மாற்றிவிட வர வேண்டியவரின் கார் வழியில் தண்ணீரில் நின்றுவிட்டது. எதிரே இருநூறு பேர் கத்திக்கொண்டிருந்தோம். என் முறை வந்தபோது கணினியைப் பார்க்காமல் என் முகத்தைப் பார்த்துச் சொன்னீர்கள்: "இன்றைக்கு நிச்சயம் போகாது. நாளையும் சந்தேகம். அம்மாவை வரிசையில் வைத்திருக்காதீர்கள், படுக்க இடம் பாருங்கள்." அந்த நேரத்தில் விமான நிறுவனத்தின் செயலி எங்கள் விமானம் குறித்த நேரத்தில் கிளம்பும் என்று காட்டிக்கொண்டிருந்தது. அதைப் பற்றி இங்கே எழுதவில்லை, அதற்குத் தனியாக ஒரு கடிதம் போயிருக்கிறது. நீங்கள் உண்மையைச் சொன்னதால்தான் கூட்டம் நெருக்குவதற்கு முன் எங்களுக்கு ஒரு மூலை கிடைத்தது.

அந்த மூலையைக் காட்டியது நாற்காலி தள்ளிய நேபாளத்துத் தம்பி. கழிப்பறைக்குப் பக்கம், குளிர்காற்று நேராக அடிக்காத இடம், தரையில் கம்பளம். எங்கிருந்தோ இரண்டு போர்வை கொண்டுவந்தார். இராத்திரி எந்நேரம் கூப்பிட்டாலும் அம்மாவைக் கழிப்பறை வாசல்வரை கொண்டுபோய் விட்டார். அவரும் வீட்டுக்குப் போக முடியாமல் நாலு தூண் தள்ளிப் படுத்திருந்தார் என்பது மறுநாள்தான் தெரிந்தது.

அம்மாவுக்குச் சர்க்கரை, இன்சுலின் போடுகிறவர். எனக்கு வயிற்றைக் கலக்கியது அதுதான். அமீரக விசா இல்லாததால் வெளியே ஓட்டலுக்குப் போகவும் வழியில்லை. டப்ளினிலிருந்து கொச்சிக்குப் போய்க்கொண்டிருந்த செவிலியர் சேச்சி, நீங்கள் எங்கள் பையைப் பிரித்து ஒவ்வொன்றாகப் பார்த்தீர்கள். உபயோகத்தில் இருக்கும் இன்சுலின் பேனா இந்த ஏசி அறையில் கெட்டுவிடாது, பிரிக்காத உதிரியை மட்டும் ஃப்ரிட்ஜில் வைத்தால் போதும் என்றீர்கள். அதைவிடப் பெரிய விஷயம் ஒன்று சொன்னீர்கள். மணி எட்டானதும் வழக்கம்போல நான் ஊசியை எடுக்க, கையைப் பிடித்து நிறுத்தினீர்கள். "சாப்பாடு எங்கே? முதலில் பொட்டலம் கைக்கு வரட்டும், பிறகு ஊசி." சாலைகள் மூழ்கிக் கிடந்ததால் உணவு வண்டிகள் உள்ளே வர முடியாத நேரம் அது. அன்று பொட்டலம் வரும்போது மணி பதினொன்றரை. எட்டு மணிக்கே போட்டிருந்தால் சர்க்கரை இறங்கி அம்மா மயங்கியிருப்பார்.

உதிரிப் பேனாவுக்கு ஃப்ரிட்ஜ் கொடுத்தது காபிக் கடை ராமநாதபுரத்துத் தம்பி. ஒரு காகிதக் கோப்பையில் பேனாவைப் போட்டு, மேலே மார்க்கரால் 'கும்பகோணம் அம்மா' என்று எழுதி, பால் பாக்கெட்டுகளுக்கு நடுவில் வைத்தார். கடையில் விற்க ஒன்றும் மிச்சமில்லை. ஆனாலும் வெந்நீருக்கும் பாலுக்கும் எங்களிடம் காசு வாங்கவில்லை. ஷார்ஜாவில் அவருடைய அறைக்குள் முழங்காலளவு தண்ணீர் என்று நண்பர்கள் படம் அனுப்பிக்கொண்டிருந்தார்கள். அதை எங்களுக்குக் காட்டிவிட்டு, "பாஸ்போர்ட் மேல் அலமாரியில இருக்கு, சரி விடுங்க" என்று மெஷினைத் துடைக்கப் போய்விட்டார்.

டொராண்டோவிலிருந்து கொழும்புக்குப் போய்க்கொண்டிருந்த யாழ்ப்பாணத்துக் குடும்பத்துக்கும் நன்றி. "தம்பி, நீங்கள் போய் விசாரிச்சிட்டு வாங்கோ, அம்மாவை நாங்கள் பாக்கிறம்" என்று நீங்கள் சொல்லியிராவிட்டால் நான் அந்த மூலையை விட்டு நகர்ந்திருக்க முடியாது. உங்கள் பிஸ்கட்டில் பாதியைத் தின்றதும் நாங்கள்தான்.

சீருடையில் வந்த ஒரு பெரியவரை வழிமறித்து, மழைதான் விட்டுவிட்டதே, ஏன் விமானம் விடவில்லை என்று சண்டைக்கு நின்றேன். அவர் நிதானமாக விளக்கினார்: இங்கே இறங்க வேண்டிய விமானங்கள் வேறு ஊர்களில் நிற்கின்றன, விமானிகள் சிலர் சாலை மூழ்கி வர முடியவில்லை, வந்தவர்களில் பலருக்குச் சட்டப்படி அனுமதித்த பணிநேரம் முடிந்துவிட்டது, ஓய்வு எடுக்காமல் அவர்கள் பறக்கக் கூடாது. அதற்குப் பிறகு நான் யாரிடமும் கத்தவில்லை. ஐயா, உங்களுக்கு நன்றி, கொஞ்சம் வெட்கத்தோடு. உதவி எண்கள் அறிவித்த இந்தியத் துணைத் தூதரகத்துக்கும் நன்றி. அது தெரிந்த பிறகுதான் லண்டனில் என் தங்கை அழுகையை நிறுத்தினாள்.

19-ஆம் தேதி காலை சென்னையில் இறங்கினோம், பெட்டிகள் இல்லாமல். சாமான் பிரிவில் இருந்த இளைஞர், சுங்கம் தாண்டுவதற்கு முன்பே புகார் எழுதி எண் வாங்கிக்கொள்ளுங்கள், வெளியே போனால் அலைய வேண்டிவரும் என்று உட்காரவைத்து எழுதிக் கொடுத்தார். தாமதமாக வரும் பெட்டிக்கு இழப்பீடு கேட்பதானால், அது கைக்கு வந்த 21 நாளுக்குள் எழுத்தில் கேட்க வேண்டும் என்பதையும் அவர்தான் சொன்னார். பெட்டி மே மாதம் வந்தது, ஊறுகாய் பாட்டில் உட்பட முழுசாக.

நாங்கள் இறங்கிய 19-ஆம் தேதிதான் தமிழ்நாட்டில் மக்களவைத் தேர்தல். விடுமுறை நாளில் வண்டி கிடைக்காது என்று நினைத்தேன். எங்கள் தெரு டிரைவர் அண்ணன் முதல் நாள் இரவே கும்பகோணத்திலிருந்து புறப்பட்டு வந்து காத்திருந்தார். தன் வாக்கு போய்விடுமே என்று ஒரு வார்த்தை சொல்லவில்லை. ஆனால் செங்கல்பட்டு தாண்டியதும் அம்மா கேட்டார்: "ஆறு மணிக்குள்ள போயிடலாமாடா?" அதற்குப் பிறகு டீ குடிக்கக்கூட வண்டி நிற்கவில்லை. ஆறாக இருபது நிமிஷம் இருக்கும்போது பள்ளிக்கூட வாசலில் இறங்கினோம். வாக்குச்சாவடியில் இருந்த டீச்சரம்மா நாற்காலி வரவழைத்து அம்மாவை நேரே உள்ளே அழைத்துப்போனார். டிரைவர் அண்ணனும் வாக்களித்துவிட்டார்.

ராமநாதபுரத்துத் தம்பிக்கு அம்மா ஒரு தகவல் சொல்லச் சொன்னார். ஆவணியில் கல்யாணம் என்றாயாமே, பத்திரிகை அனுப்ப வேண்டும். இதைப் படிக்கும் துபாய்த் தமிழர்கள் யாராவது அவரிடம் சேர்த்துவிடுங்கள். கட்டாயம் வருவோம். உங்கள் ஊருக்கு ரயிலிலேயே வந்துவிடலாம் என்பதில் அம்மாவுக்கு மிகவும் சந்தோஷம்.

அன்புடன்,
கும்பகோணத்து அம்மாவும் மகனும்