பார்ட்டை மாற்றும் முன் வோல்ட்டை அளந்து பாருங்கள்

ஆசிரியர் அவர்களுக்கு,

வணக்கம். நன்றாக ஓடிக்கொண்டிருக்கும் கார் திடீரென்று செக் இன்ஜின் விளக்கைக் காட்டிவிட்டு, ஆக்சிலரேட்டரை எவ்வளவு மிதித்தாலும் ரேஸ் ஏறாமல் ஊர்ந்து போகத் தொடங்கும். பட்டறையில், காரின் கம்ப்யூட்டர் பதிவு செய்த பழுதுக் கோடை (குறியீட்டு எண்ணை) படிக்கும் ஸ்கேனரை மாட்டுவார்கள். பி2135 வந்தால் திராட்டில் பாடி (இன்ஜினுக்குள் போகும் காற்றை ஒரு தகட்டால் கட்டுப்படுத்தும் பாகம்), பி2138 வந்தால் ஆக்சிலரேட்டர் பெடல் அசெம்பிளி என்று அங்கேயே பார்ட் எழுதிக் கொடுத்துவிடுவார்கள். பெரும் செலவில் புதியது மாட்டிய சில நாளில் அதே விளக்கு மறுபடி எரிகிற வண்டிகள் நிறைய. அளந்து பார்க்காமல் பார்ட் மாற்றும் இந்தப் பழக்கம் மாற வேண்டும் என்பதற்காகவே இதை எழுதுகிறேன்.

இன்றைய கார்களில் பெடலுக்கும் இன்ஜினுக்கும் இடையே கேபிள் கிடையாது. பெடலில் இரண்டு சென்சார்கள் இருக்கின்றன. திராட்டில் பாடியில் தகட்டைத் திருப்ப ஒரு மோட்டாரும், தகடு எவ்வளவு திறந்திருக்கிறது என்று சொல்ல இரண்டு சென்சார்களும் இருக்கின்றன. ஒன்று பொய் சொன்னால் மற்றது காட்டிக்கொடுக்க வேண்டும் என்பதற்குத்தான் இந்த இரட்டை ஏற்பாடு. இரண்டும் ஒத்துப்போகவில்லை என்றால் கம்ப்யூட்டர் ரேஸை மிகவும் அடக்கிவிடும், அல்லது மோட்டாருக்குப் போகும் கரண்டையே நிறுத்திவிடும். கரண்ட் நின்றால் தகடு ஸ்பிரிங் விசையில் சில டிகிரி மட்டும் திறந்த நிலையில் நிற்கும். இப்படி வண்டியை ஊர்ந்து போக மட்டும் விடுவதுதான் லிம்ப் மோடு. பி2135, பி2138 இரண்டுமே ‘இரண்டு சிக்னலும் பொருந்தவில்லை’ என்று மட்டும்தான் சொல்கின்றன. கெட்டது சென்சாரா, ஒயரா, எர்த்தா, கனெக்டர் பின்னா என்பதை மல்டிமீட்டர்தான் சொல்லும்.

பெடல் கனெக்டரில் பொதுவாக 6 ஒயர்கள். இரண்டு 5 வோல்ட் சப்ளை, இரண்டு எர்த், இரண்டு சிக்னல். சாவியை ஆன் செய்து, இன்ஜினை ஸ்டார்ட் செய்யாமல், கனெக்டரைக் கழற்றாமல் அதன் பின்பக்கமாக மெல்லிய ஊசியைச் செருகி அளக்க வேண்டும். ஒயரின் உறையைக் குத்தி அளப்பது வேண்டவே வேண்டாம். அந்த ஓட்டை வழியாக ஈரம் இறங்கி, சில மாதங்களில் செம்பு பச்சை பூத்து, இல்லாத பழுதை நாமே உண்டாக்கியதாகிவிடும்.

ஹூண்டாய், கியா கார்களில் பெடலை மிதிக்காதபோது முதல் சிக்னல் சுமார் 0.7 முதல் 0.8 வோல்ட், இரண்டாவது அதில் பாதி. முழுதாக மிதித்தால் முதலாவது 4 வோல்ட்டை ஒட்டியும் இரண்டாவது 2 வோல்ட்டை ஒட்டியும் வரும். எந்த இடத்தில் நிறுத்தினாலும் இந்தப் பாதிக் கணக்கு மாறக் கூடாது. டொயோட்டாவில் கணக்கு வேறு: இரண்டாவது சிக்னல் முதலாவதைவிட ஏறத்தாழ 0.8 வோல்ட் மேலேயே நின்று இரண்டும் சேர்ந்து ஏறும். ஒரு கம்பெனி அளவை வைத்து இன்னொரு கம்பெனிப் பெடலைக் கெட்டது என்று சொல்லிவிடக் கூடாது.

பட்டறைகளில் அதிகம் தவறவிடுவது எர்த்தைத்தான். சிக்னல் பாதிக் கணக்கில் வரும் பெடலில் இரண்டாவது சென்சாரின் எர்த் பின் துருப்பிடித்து, அங்கே 0.2 வோல்ட் தங்கிவிடுகிறது என்று வையுங்கள். 0.38 வோல்ட் காட்ட வேண்டிய சிக்னல் ஏறத்தாழ 0.56 காட்டும் (சென்சாருக்குக் கிடைக்கும் வோல்ட்டும் 0.2 குறைவதால் முழு 0.58 வராது). முதல் சிக்னல் 0.76-லேயே நிற்கும். பாதிக் கணக்கு உடைந்து பி2138 வந்துவிடும். எத்தனை புதுப் பெடல் மாட்டினாலும் இது போகாது. சென்சாரின் எர்த் ஒயரையும் பேட்டரி நெகட்டிவையும் மல்டிமீட்டரால் தொட்டால், இணைப்பு நன்றாக இருக்கும் வண்டியில் 0.05 வோல்ட்டைத் தாண்டாது. அரை நிமிட வேலை.

சப்ளையில் 5 வோல்ட் வரவில்லை என்றாலும் கம்ப்யூட்டரைக் குறை சொல்ல அவசரப்பட வேண்டாம். பல கார்களில் அதே 5 வோல்ட் ஏசி பிரஷர் சென்சார், மேப் சென்சார் (இன்ஜினுக்குள் போகும் காற்றின் அழுத்தத்தை அளப்பது) போன்றவற்றுக்கும் போகிறது. அவற்றில் ஒன்று உள்ளே ஷார்ட் ஆனால் எல்லாவற்றையும் கீழே இழுத்துவிடும். கூடவே இந்த 5 வோல்ட் சப்ளைக் கோளாறைக் குறிக்கும் பி0641 அல்லது பி0651 வந்திருந்தால் சந்தேகம் இந்தப் பக்கம்தான். அந்த வரிசையில் உள்ள சென்சார்களின் கனெக்டரை ஒவ்வொன்றாகக் கழற்றுங்கள். எதைக் கழற்றியதும் 5 வோல்ட் திரும்பி வருகிறதோ அங்கேதான் பழுது. எலி கடித்த ஒயரும், வெள்ளத் தண்ணீர் ஏறிய தரைக் கம்பளத்துக்கு அடியில் ஊறிய ஒயரும் நம் ஊரில் அடிக்கடி கிடைக்கும் காரணங்கள்.

சப்ளையும் எர்த்தும் சரியாக இருந்தால் பெடலை மிக மெதுவாக மிதித்து, ஸ்கேனரில் இரண்டு சிக்னலையும் வரைபடமாக ஓடவிட்டுப் பாருங்கள். உள்ளே ஒரு முனை தடத்தை உரசி நகரும் பழைய பொட்டென்ஷியோமீட்டர் வகையில், நகரத்துக்குள் ஓட்டும்போது பாதம் அதிக நேரம் நிற்கும், மிதிப்பின் முதல் நான்கில் ஒரு பங்கில்தான் தடம் தேய்ந்து சிக்னல் சட்டென்று விழும். வேகமாக மிதித்தால் அது தெரியாது. காந்தத்தால் உரசாமல் உணரும் புதிய ஹால் வகைக்கு ஓம் (மின்தடை) அளந்து பயனில்லை, வோல்ட்தான் பேசும்.

திராட்டில் பாடியில் பல கார்களில் ஒரு சிக்னல் ஏறும்போது மற்றது இறங்கும். கூட்டினால் எப்போதும் 5 வோல்ட்டை ஒட்டி வரும். தகடு சொன்னபடி நகரவில்லை என்று குறிக்கும் பி2101, பி2119 வந்தால் முதலில் தகட்டின் ஓரத்தில் கரி கட்டியிருக்கிறதா என்று பாருங்கள். சாவி ஆனில் இருக்கும்போது தகட்டில் விரலை வைக்காதீர்கள், மோட்டார் விரலை நசுக்கிவிடும். திராட்டில் கிளீனரைத் துணியில் அடித்துத் துடைக்க வேண்டும், தண்டுக்குள் பீய்ச்சக் கூடாது. துடைத்த பின் ஐடிலை (பெடலை மிதிக்காதபோது இன்ஜின் ஓடும் வேகத்தை) கம்ப்யூட்டருக்கு மறுபடி பழக்க வேண்டும். அந்த முறை மாடலுக்கு மாடல் வேறு. அதைச் செய்யாமல் விட்டால் ஐடில் ஏறியே நிற்கும், பார்ட் போய்விட்டது என்று முடிவு கட்டிவிடுவார்கள்.

பழுதுக் கோடு எதுவும் வராமலே ரேஸ் ஏறவில்லை என்றால் பிரேக் சுவிட்சைப் பாருங்கள். பிரேக் மிதித்திருப்பதாகச் சிக்னல் போனால், ஆக்சிலரேட்டரை மதிக்காதபடி பல கார்கள் அமைக்கப்பட்டிருக்கின்றன. காலை எடுத்தும் பின்பக்கச் சிவப்பு விளக்கு எரிகிறதா என்று பார்த்தாலே போதும். ஒன்றன்மேல் ஒன்றாகப் போட்ட ரப்பர் மேட் ஆக்சிலரேட்டர் பெடலில் சிக்கி, அதன் அசைவைத் தடுப்பதும் உண்டு. அது உயிருக்கே ஆபத்து, உடனே எடுத்துவிடுங்கள்.

கார் வைத்திருப்பவர்களுக்கு ஒரு வேண்டுகோள். பெடலோ திராட்டில் பாடியோ மாற்றச் சொன்னால், வந்த கோடு, சப்ளை வோல்ட், எர்த் வோல்ட், மிதிக்காமலும் முழுதாக மிதித்தும் எடுத்த இரண்டு சிக்னல்கள் ஆகியவற்றை எஸ்டிமேட்டிலேயே எழுதித் தரக் கேளுங்கள். பட்டறைச் சங்கங்கள் இதற்கென ஒரு படிவம் அச்சடித்துத் தரலாம். ஐடிஐ மோட்டார் மெக்கானிக் வகுப்புகளில் இந்த அளவீட்டை ஓடும் நிலையில் உள்ள காரிலேயே செய்முறையாக வைத்தால், புதிதாகத் தொழிலுக்கு வரும் பிள்ளைகள் ஸ்கேனரோடு மல்டிமீட்டரையும் கையில் எடுப்பார்கள்.

இப்படிக்கு,
கார் எலக்ட்ரீஷியன் ஒருவர்,
கோயம்புத்தூர்.