ஞாயிற்றுக்கிழமை மட்டும் டென்னிஸ் பார்க்கிற தம்பிக்கு

அன்புள்ள தம்பி,

"ஃபெடரர் போயாச்சு, நடாலும் போயாச்சு. இனிமேல் யாருக்காக உட்கார்ந்து பார்க்கிறது அக்கா?" என்று கேட்டிருந்தாய். ஒற்றை வரியில் பதில் போட மனசு வரவில்லை. அதனால்தான் இந்தக் கடிதம்.

2022-இல் லேவர் கோப்பையில் ஃபெடரர் அழுதுகொண்டே விடைபெற்றதும், 2024-இல் டேவிஸ் கோப்பையோடு நடால் மட்டையைக் கீழே வைத்ததும் எனக்கும் லேசான விஷயங்களாக இல்லை. ஆனால் ஒன்று யோசித்துப் பார். நாம் பார்க்க ஆரம்பித்தபோதே அவர்கள் இருவரும் உச்சியில் இருந்தார்கள். ஏறி வந்த வழியை நாம் பார்க்கவே இல்லை. நீ ஞாயிற்றுக்கிழமை இறுதி ஆட்டத்தை மட்டும் பார்த்துப் பழகியவன். கோப்பையைத் தூக்குகிற கை உனக்குத் தெரியும். அந்த வாரத்தின் முதல் நாள், ஆள் இல்லாத ஓர் ஓரத்து மைதானத்தில் அந்தக் கை எப்படி நடுங்கியது என்று தெரியாது.

ஆகவே நான் கேட்பது இதுதான். அடுத்த போட்டி எதுவாக இருந்தாலும், இன்னும் ஏறிக்கொண்டிருக்கும் ஒரே ஒருவரைத் தேர்ந்தெடு. பிரதானச் சுற்றுக்குள் நுழைவதற்காக முன்னால் நடக்கும் தகுதிச் சுற்றின் முதல் ஆட்டத்திலிருந்து, அவர் தோற்று வெளியே போகும் வரைக்கும் கூடவே போ. நான்கு பேர் வேண்டாம், ஒருவர் போதும்.

யாரைத் தேர்ந்தெடுப்பது என்று கேட்பாய். "அடுத்த நடால்" என்று பட்டம் கட்டப்பட்டவர்களை விட்டுவிடு. அந்தப் பட்டம் யாருக்கும் நல்லது செய்ததாக எனக்குத் தெரியவில்லை. தரவரிசையில் 100-க்கும் 250-க்கும் நடுவில் தேடு. சமீபத்தில் சேலஞ்சர் போட்டிகளில் நன்றாக ஆடியவர்களைப் பார். சேலஞ்சர் என்பது பெரிய போட்டிகளுக்கு ஒரு படி கீழே நடப்பது. பரிசுப் பணம் குறைவு, கூட்டமும் குறைவு. யானிக் சின்னர் 2019-இல் பெர்கமோ சேலஞ்சரை வென்றபோது அவருக்கு வயது 17, உள்ளே நுழைந்ததே வைல்ட் கார்டில்தான், அதாவது தரவரிசை போதாதவருக்கு அமைப்பாளர்கள் கொடுக்கும் இடத்தில். அல்கராஸ் 2020-இல் இத்தாலியின் திரியெஸ்தேயில் முதல் சேலஞ்சரை வென்றபோது அவருக்கும் 17. இரண்டே வருடத்தில், 19 வயதில், அமெரிக்க ஓப்பனை வென்று உலகின் முதல் இடத்துக்கு வந்துவிட்டார். திரியெஸ்தேயில் அந்த வாரம் அவரைப் பார்த்தவர்களை நினைத்தால் எனக்கு இப்போதும் பொறாமையாக இருக்கிறது.

தகுதிச் சுற்று என்றால் சுமாரானவர்கள் ஆடுவது என்று நீ நினைக்கலாம். நானும் வெகுநாள் அப்படித்தான் நினைத்தேன். உண்மை வேறு. ஒரு போட்டியில் யார் நேரடியாக உள்ளே போகலாம் என்ற பட்டியலை, சாதாரணமாக நான்கு வாரத்துக்கு முன்னாலேயே முடித்துவிடுகிறார்கள். கிராண்ட் ஸ்லாம் என்றால் ஆறு வாரம். அந்தத் தேதியில் இருந்த தரவரிசைதான் கணக்கு. இடையில் நீ எவ்வளவு உயர்ந்தாலும் பட்டியல் மாறாது. வேகமாக ஏறுகிறவர்கள் எல்லோரும் இந்த இடைவெளியில் மாட்டிக்கொள்கிறார்கள். ஆட்டம் முன்னால் ஓடிவிடும், தரவரிசை பின்னால் வந்துகொண்டிருக்கும். தகுதிச் சுற்றில்தான் அவர்களைப் பிடிக்க முடியும்.

பிரெஞ்சு வீராங்கனை லோயிஸ் புவாசோனை எடுத்துக்கொள். 2024 மே மாதம், பிரெஞ்சு ஓப்பனுக்கு ஒரு வாரம் இருக்கும்போது முழங்கால் தசைநார் கிழிந்தது. கையில் இருந்த வைல்ட் கார்டு வீணானது. அடுத்த வருடம் மறுபடி வைல்ட் கார்டு கொடுத்தார்கள். அப்போது அவர் 361-ஆம் இடம். முன்னணியில் இருந்த பெகூலாவை வீழ்த்தினார், மீரா ஆண்ட்ரீவாவை வீழ்த்தினார், அரையிறுதிவரை போனார். அங்கே கோகோ காஃபிடம் தோற்றார். தரவரிசை 65-க்கு எகிறியது. எல்லோரும் எழுதியது இதுவரைதான். நீ அதற்கு அடுத்த மாதத்தைப் பார்க்க வேண்டும். விம்பிள்டன் பட்டியல் ஏற்கெனவே முடிந்துவிட்டது, வைல்ட் கார்டும் கிடைக்கவில்லை. கிராண்ட் ஸ்லாம் அரையிறுதியில் ஆடிய பெண் தகுதிச் சுற்றில் போய் நின்றார். முதல் ஆட்டத்திலேயே மூன்று செட்டில் தோற்றார். எனக்கு அந்தத் தோல்வியைப் பார்த்த பிறகுதான் பாரிஸில் அவர் செய்தது எவ்வளவு பெரியது என்று புரிந்தது.

கிராண்ட் ஸ்லாம் தகுதிச் சுற்றில் ஆண்கள் பிரிவில் 128 பேர் ஆடுகிறார்கள். மூன்று ஆட்டம் ஜெயிக்க வேண்டும். 16 பேர்தான் உள்ளே போவார்கள். எம்மா ரடுகானு 2021 அமெரிக்க ஓப்பனை வென்றார் என்பது உனக்குத் தெரியும், இறுதி ஆட்டத்தை நீயும் பார்த்தாய். ஆனால் அவர் ஆடியது ஏழு ஆட்டம் இல்லை, பத்து. பத்திலும் ஒரு செட்கூட விடவில்லை. தகுதிச் சுற்று முடியும் சமயத்துக்கே ஊர் திரும்ப விமான டிக்கெட் போட்டிருந்ததாக அவரே பிறகு சொன்னார். அந்த முதல் மூன்று ஆட்டங்களைப் பார்த்தவர்கள் ரொம்பக் கொஞ்சம் பேர்.

சரி, ஆட்டத்தில் எதைப் பார்ப்பது? நான் ஏஸ், அதாவது எதிராளி தொடவே முடியாத சர்வ், எண்ணுவதை நிறுத்திப் பல வருடம் ஆகிறது. இளம் வயதுக்காரர்கள் எல்லோருமே இப்போது பலமாக அடிக்கிறார்கள், அதில் ஆளை அடையாளம் காண முடியாது. நான் பார்ப்பது 30-40-இல் போடும் இரண்டாவது சர்வ். முதல் சர்வ் வலையில் விழுந்துவிட்டது, இன்னொன்றும் தவறினால் கேம் போய்விடும். அந்த நேரத்தில் பந்தை மெதுவாகத் தட்டிவிட்டு உள்ளே போட்டால் போதும் என்று நினைக்கிறாரா, அல்லது கையை முழுசாக வீசுகிறாரா? கை வீசி டபுள் ஃபால்ட் ஆனாலும் பரவாயில்லை என்பேன். அடுத்த வருடம் அதே சர்வ் உள்ளே விழும். பயந்து தள்ளிவிடுகிறவருக்கு அந்தப் பயம் வருடக்கணக்கில் கூடவே வரும்.

அப்புறம், சர்வை இழந்த பிறகு அவர் மறுபடி சர்வ் செய்யும் கேமைப் பார். புள்ளிக்குப் புள்ளி 25 நொடி கடிகாரம் ஓடுகிறது. கலங்கிப்போனவர்கள் பத்து நொடியிலேயே கோட்டுக்கு வந்து நிற்பார்கள். தேறிவருகிறவர்கள் துண்டை எடுப்பார்கள், மட்டையின் நரம்பைச் சரிசெய்வார்கள், கடிகாரம் தீரும்வரை மூச்சு விடுவார்கள். இதை யாரும் புள்ளிவிவரத்தில் போடமாட்டார்கள். கண்ணால்தான் பார்க்க வேண்டும்.

இந்த இடத்தில் உனக்கு லக்கி லூசர் பற்றிச் சொல்லியே ஆக வேண்டும். தகுதிச் சுற்றின் கடைசி ஆட்டத்தில் தோற்றவர்கள், பிரதானச் சுற்றில் யாராவது காயத்தால் விலகினால், அந்த இடத்தில் நுழையலாம். அதனால் தோற்ற பிறகும் சிலர் ஊரைவிட்டுப் போகாமல் காத்திருப்பார்கள். 2018 பிரெஞ்சு ஓப்பனில் அர்ஜென்டினாவின் மார்கோ துருங்கெல்லிட்டி கடைசித் தகுதி ஆட்டத்தில் தோற்று, பார்சிலோனாவில் இருக்கும் வீட்டுக்குத் திரும்பிவிட்டார். ஞாயிறன்று கீரியோஸ் விலகினார். அடுத்து வரிசையில் இருந்தவர் இந்தியாவின் பிரஜ்னேஷ் குணேஸ்வரன். ஆனால் அவர் அதற்குள் இத்தாலியில் வேறொரு சேலஞ்சருக்குப் போய்ப் பெயர் கொடுத்துவிட்டதால் திரும்பி வர வழியில்லை. வாய்ப்பு துருங்கெல்லிட்டிக்கு வந்தது. பாட்டி குளித்துக்கொண்டிருந்தாராம். பாரிஸுக்குக் கிளம்பலாம் என்று பாட்டி, அம்மா, தம்பி எல்லோரையும் காரில் ஏற்றிக்கொண்டு ஏறத்தாழ பத்து மணி நேரம் ஓட்டிவந்தார். நள்ளிரவை ஒட்டிப் போய்ச் சேர்ந்து, மறுநாள் காலை 11 மணிக்குக் களத்தில் இறங்கி, பெர்னார்ட் டாமிக்கை நான்கு செட்டில் வென்றார். அந்த வெற்றியோடு அவருக்கு 79,000 யூரோ உறுதியானது.

எல்லோரும் துருங்கெல்லிட்டியின் பயணத்தைச் சொல்லிச் சிரித்து மகிழ்ந்தார்கள். எனக்குப் பிரஜ்னேஷும் மனசைவிட்டுப் போகவில்லை. அவர் செய்ததில் தப்பே இல்லை. அடுத்த வார வேலைக்குக் கிளம்பினார், அவ்வளவுதான். காத்திருந்தால் ஒருவேளை இடம், கிளம்பினால் நிச்சயமாக ஓர் ஆட்டம். ஒவ்வொரு வாரமும் இந்தக் கணக்கைப் போட்டுக்கொண்டுதான் அவர்கள் பெட்டியைக் கட்டுகிறார்கள்.

வாரத்தின் நடுப்பகுதியில் உடம்புதான் பேசும். தகுதிச் சுற்றில் வந்தவர் புதன்கிழமைக்குள் எதிராளியைவிட இரண்டு மூன்று ஆட்டம் அதிகம் ஆடியிருப்பார். 2025 ஆஸ்திரேலிய ஓப்பனில் 19 வயது லெர்னர் டியென் அப்படி வந்தவர்தான். மெத்வெதேவை ஐந்தாவது செட்டின் டை-பிரேக்கில், அதாவது சமநிலையான செட்டை முடிவு செய்யும் கேமில், வென்று முடித்தபோது விடியற்காலை மூன்று மணியை நெருங்கியிருந்தது. அதே வருடம் மயாமியில் யாக்குப் மென்ஷிக் முழங்கால் வலியால் விலகுவதென்று முடிவே செய்துவிட்டார். விலகல் தாளைக் கொடுக்கப் போனபோது அதிகாரி சாப்பிடப் போயிருந்தார். அந்தச் சமயத்தில் பிசியோதெரபிஸ்ட் காலைப் பார்த்துச் சிகிச்சை கொடுக்க, ஆடித்தான் பார்ப்போமே என்று இறங்கினார். கடைசியில் இறுதி ஆட்டத்தில் ஜோகோவிச்சை இரண்டு டை-பிரேக்கில் வென்று முதல் பட்டத்தை எடுத்தார்.

அதே மயாமியில்தான் எனக்கு மிகவும் பிடித்த வாரமும் நடந்தது. பிலிப்பைன்ஸின் அலெக்ஸாண்ட்ரா ஈலா. 19 வயது, 140-ஆம் இடம், வைல்ட் கார்டு. இரண்டாவது சுற்றில் ஒஸ்டாபென்கோவை வென்றார், பிறகு அப்போதுதான் ஆஸ்திரேலிய ஓப்பனை வென்றிருந்த மேடிசன் கீஸை. காலிறுதியில் இகா ஷ்வியான்டெக். நீ நடால் ரசிகன், உனக்கு இது பிடிக்கும்: ஈலா வளர்ந்தது நடாலின் அகாடமியில். 2023-இல் அங்கே பட்டம் வாங்கியபோது விருந்தினராக வந்த ஷ்வியான்டெக்குடன் நின்று படம் எடுத்துக்கொண்டவர். இரண்டு வருடம் கழித்து அதே ஷ்வியான்டெக்கை 6-2, 7-5 என்று வென்றார். அன்றைக்கு ஈலாவின் இருக்கைப் பகுதியில் டோனி நடால் உட்கார்ந்திருந்தார். நடாலைச் சின்னப் பிள்ளையிலிருந்து பயிற்றுவித்த அதே மாமா! ஜெயித்ததும் ஈலா நம்ப முடியாமல் நின்ற முகத்தை நான் எத்தனை முறை திரும்பத் திரும்பப் பார்த்தேன் என்று கணக்கில்லை. நடால் போய்விட்டார் என்று நீ எழுதினாயே, அந்த வீட்டிலிருந்து இன்னும் ஆட்கள் வந்துகொண்டுதான் இருக்கிறார்கள். அரையிறுதியில் பெகூலாவிடம் மூன்று செட் போராடித் தோற்றார். தன் நாட்டிலிருந்து முதல் 100-க்குள் வந்த முதல் பெண் ஆனார்.

மொனாக்கோ வீரர் வலன்டின் வாஷரோவின் ஷாங்காய் போட்டி பற்றி நீ ஏற்கெனவே கேள்விப்பட்டிருப்பாய். 2025 அக்டோபர், 204-ஆம் இடம். தகுதிச் சுற்றுக்கே காத்திருப்போர் பட்டியலில் இருந்துகொண்டு போனவர். ஒன்பது ஆட்டம் ஆடி, ஜோகோவிச்சைத் தாண்டி, இறுதியில் சொந்த ஒன்றுவிட்ட சகோதரர் ரிண்டர்க்நெக்கை வென்றார். பயிற்சியாளரும் வாஷரோவின் அண்ணன்தான். வாழ்நாள் முழுக்க டென்னிஸில் சம்பாதித்ததைவிட அந்த ஒரே போட்டியில் அதிகம் சம்பாதித்தார். இப்படி ஒரு வாரம் கண்ணில் படும் என்று எதிர்பார்த்து உட்காராதே. அது அபூர்வம்.

நீ தேர்ந்தெடுக்கிறவர் பெரும்பாலும் செவ்வாய்க்கிழமையே தோற்றுவிடுவார். அதைத் தெரிந்துகொண்டே ஆரம்பி. ஒரு வருடம் நான் பின்தொடர்ந்த பெண் தகுதிச் சுற்றின் கடைசி ஆட்டத்தில், மூன்றாவது செட்டில் 5-3 என்று சர்வ் செய்துகொண்டிருந்தார். அங்கிருந்து தோற்றார். பையில் மட்டைகளை ஒவ்வொன்றாக, அவசரமே இல்லாமல் அடுக்கினார். எனக்கு அன்று இரவு சாப்பாடு இறங்கவில்லை. ஆனால் ஐந்தாறு நாள் கழித்து வேறு நாட்டின் சின்னப் போட்டி ஒன்றின் டிராவில் (யாரோடு யார் ஆடுவது என்ற பட்டியலில்) அவர் பெயரைப் பார்த்தபோது வந்த சந்தோஷம், எந்த இறுதி ஆட்டமும் எனக்குக் கொடுத்ததில்லை.

ஆகவே தோற்றவுடன் விட்டுவிடாதே. திங்கட்கிழமை புதுத் தரவரிசை வரும், அதைப் பார். அடுத்து எங்கே பெயர் கொடுத்திருக்கிறார் என்று பார். இன்று வாங்கிய புள்ளிகள் 52 வாரம்தான் நிற்கும். அடுத்த வருடம் இதே வாரம் வரும்போது அவை உதிரும், திரும்பச் சம்பாதிக்க வேண்டும். அந்த இரண்டாவது வருடம் முதல் வருடத்தைவிடக் கடினம் என்பது என் எண்ணம். வரும்போது யாருக்கும் அவரைத் தெரியாது. மறுபடி வரும்போது எதிராளி அவருடைய பேக்ஹேண்டைப் பத்துத் தடவை படம் போட்டுப் பார்த்திருப்பார்.

அடுத்த தகுதிச் சுற்றின் டிரா வந்ததும் உட்கார்ந்து ஒவ்வொரு பெயராகப் படி. தெரியாத பெயர்களாகத்தான் இருக்கும், பரவாயில்லை. இரண்டு மூன்று பேருடைய பழைய ஆட்டங்களைக் கொஞ்சம் ஓடவிட்டுப் பார். யாராவது ஒருவர் 30-40-இல் கையை முழுசாக வீசுவார். அவருடைய பெயரை எனக்கு அனுப்பு. நான் ஒருவரைத் தேர்ந்தெடுத்து வைத்திருக்கிறேன். உன்னுடைய ஆள் யாரென்று தெரிந்த பிறகுதான் சொல்வேன்.

அன்புடன்,
அக்கா