இழுப்பறைக்குள் ஆறு போன்கள்: செல்போன் தயாரிப்பாளர்களுக்கு ஒரு திறந்த மடல்

செல்போன் தயாரிக்கும் நிறுவனங்களை நடத்துகிறவர்களுக்கு,

வணக்கம்.

போன வாரம் ஒரு பழைய சார்ஜரைத் தேடி, மேசையின் அடி இழுப்பறையை வெளியே இழுத்துத் தரையில் கொட்டினேன். சார்ஜர் கிடைக்கவில்லை. போன்கள்தான் கிடைத்தன. எண்ணிப் பார்த்தால் ஆறு. நாங்கள் இருப்பது மூன்று பேர். மூவர் கையிலும் ஆளுக்கொரு போன் ஓடிக்கொண்டிருக்கிறது. ஆக, மூன்று பேருக்கு ஒன்பது போன்கள்.

இதில் எங்கள் தப்பு இல்லாமல் இல்லை, அதை முதலிலேயே சொல்லிவிடுகிறேன். ஆறில் இரண்டு, ஆசையால் கைவிடப்பட்டவை. கையில் இருந்தது நன்றாகத்தான் இருந்தது. புதியதில் கேமரா இன்னும் நன்றாக இருக்கும் என்றார்கள், வாங்கினோம். இரண்டிலும் எடுத்த படங்களை இன்றைக்குப் பக்கத்தில் பக்கத்தில் வைத்துப் பார்த்தால் எது எதில் எடுத்தது என்று எனக்கே தெரியவில்லை. அந்த இரண்டுக்கும் பொறுப்பு நாங்கள்தான்.

மற்ற நான்கைப் பற்றித்தான் உங்களிடம் பேச வேண்டும்.

ஒன்று பட்டன் போன். பல கணக்குகளோடு இணைத்துவிட்ட ஒரு பழைய எண் அதில் இருக்கிறது. எப்போதாவது ஒரு ஓடிபி அதற்கு வந்துவிடும் என்பதற்காக வைத்திருக்கிறோம். அது போகட்டும், எண்ணை மாற்றிக்கொள்வது எங்கள் வேலை.

இன்னொன்றை எடுத்தபோது விரலில் ஏதோ தட்டுப்பட்டது. திருப்பிப் பார்த்தேன். கண்ணாடித் திரை ஒரு பக்கம் எழும்பி, நகம் நுழையும் அளவுக்கு வாய் பிளந்திருந்தது. இடுக்கு வழியாக உள்ளே பார்த்தால் வெள்ளி நிறத்தில் பேட்டரி, காற்றடைத்த தலையணை மாதிரி உப்பிக்கொண்டு. லித்தியம் அயனி பேட்டரிக்கு வயதாகும்போது, அதுவும் வெப்பத்தில் கிடந்தால், உள்ளே இருக்கும் ரசாயனம் சிதைந்து வாயு உண்டாகும். குத்தினாலோ மடங்கினாலோ தீப்பிடிக்கலாம். இத்தனை நாளும் அது என் மகளின் கிரேயான் பெட்டிக்குப் பக்கத்தில் கிடந்திருக்கிறது. அன்று இரவு எனக்குத் தூக்கம் வரவில்லை.

இந்தப் போனை நாங்கள் ஆசைப்பட்டு மாற்றவில்லை. மத்தியானத்துக்குள் சார்ஜ் தீர்ந்துவிடுகிறது, பேட்டரி மட்டும் மாற்றினால் போதும் என்று சர்வீஸுக்கு எடுத்துப் போனோம். இந்த மாடலுக்கு இப்போது பேட்டரி வருவதில்லை, புதிதாக ஒன்று வாங்கிவிடுங்கள் என்று சொல்லி அனுப்பினார்கள். ஒரு காலத்தில் போனின் முதுகு மூடியை நகத்தால் நெம்பி, பேட்டரியை நாமே கழற்றி மாட்டினோம். அப்புறம் நீங்கள் அதைப் பசை போட்டு ஒட்டி மூடினீர்கள். தண்ணீர் புகாது, மெல்லியதாக இருக்கும் என்று காரணம் சொன்னீர்கள். சரி, ஒப்புக்கொள்கிறேன். ஆனால் போனில் முதலில் சாகப்போவது பேட்டரிதான் என்று உங்களைவிட நன்றாகத் தெரிந்தவர் யார்? சாகப்போவதை மாற்றவே முடியாதபடி ஒட்டிவைத்தால், நல்லபடியாக இருக்கும் மற்ற எல்லாம் அதோடு சேர்ந்து இழுப்பறைக்குப் போகிறது.

அடுத்த போனில் ஒரு கீறல்கூடக் கிடையாது. சார்ஜ் போட்டதும் உயிர் வந்தது. திரை பளிச்சென்று இருக்கிறது, ஒலி தெளிவாக இருக்கிறது. அதற்குப் பாதுகாப்பு அப்டேட் வருவது மட்டும் நின்றுவிட்டது. வங்கிச் செயலியைத் திறந்தால் இந்தக் கருவியில் இயங்காது என்கிறது. வன்பொருளுக்கு ஒன்றும் ஆகவில்லை, ஆதரவை நீங்கள் நிறுத்தியதால் ஓய்ந்துபோன போன் அது.

கடைசியாக என் அப்பாவின் போன். அவர் போய் நான்கு வருடம் ஆகிறது. திரையைத் தொட்டால் ஒன்பது புள்ளிகள் வருகின்றன. எந்தக் கோட்டில் இணைத்தார் என்று எங்களுக்குத் தெரியாது. அவர் எடுத்த படங்கள் உள்ளே இருக்கின்றன. எங்களால் திறக்கவும் முடியவில்லை, தூக்கிப் போடவும் முடியவில்லை. திருடனுக்காகப் போட்ட பூட்டு அவசியமானது, அதை நான் குறை சொல்லவில்லை. நமக்குப் பிறகு நம் கணக்கை யார் பார்க்கலாம் என்று முன்பே சொல்லிவைக்கும் வசதியை கூகுள் 2013லும் ஆப்பிள் 2021லும் கொண்டுவந்தன. அதெல்லாம் செட்டிங்ஸுக்குள் எங்கேயோ புதைந்து கிடக்கிறது. புதுப் போனை முதன்முதலாக இயக்கும்போது மொழி கேட்கிறீர்கள், கைரேகை கேட்கிறீர்கள். அந்த இடத்திலேயே இதையும் ஒரு வரி கேளுங்கள். அப்பா கண்டிப்பாக என் பெயரைப் போட்டிருப்பார்.

எங்கள் வீட்டில் மட்டும் இப்படி என்று நினைக்காதீர்கள். 2022ஆம் ஆண்டில் மட்டும் உலகில் சுமார் 530 கோடி செல்போன்கள் பயன்பாட்டிலிருந்து விழும் என்று மின்கழிவு சேகரிக்கும் அமைப்புகளின் பன்னாட்டுக் கூட்டமைப்பு மதிப்பிட்டது. அவற்றில் பெரும்பாலானவை மறுசுழற்சிக்குப் போவதில்லை. வீடுகளில் தூங்குகின்றன, இல்லையென்றால் குப்பையில் சேர்கின்றன.

தூங்குவது வெறும் பிளாஸ்டிக் இல்லை. டோக்கியோ ஒலிம்பிக்கில் கொடுத்த சுமார் 5,000 பதக்கங்களுக்கான உலோகத்தை ஜப்பான் மக்கள் தந்த பழைய கருவிகளிலிருந்து எடுத்தார்கள். இரண்டு வருடம் சேகரித்ததில் சுமார் 62 லட்சம் செல்போன்களும் இருந்தன. மொத்தத்தில் 32 கிலோ தங்கம் கிடைத்தது. இங்கே என் இழுப்பறையில் தங்கமும் தாமிரமும் கோபால்ட்டும் சும்மா கிடக்க, அதே கோபால்ட்டுக்காக காங்கோவில் புதிதாக மண்ணைத் தோண்டுகிறார்கள். ஒரு ஸ்மார்ட்போன் தன் ஆயுளில் உண்டாக்கும் கரியமில வாயுவில் பெரும்பங்கு, அது நம் கைக்கு வருவதற்கு முன்பே, தயாரிப்பிலேயே வெளியேறிவிடுகிறது. அதனால்தான் இருக்கிற போனை இன்னும் இரண்டு வருடம் ஓட்டுவது அவ்வளவு முக்கியம்.

உங்களால் முடியாததை நான் கேட்கவில்லை. 2023இல் கூகுள் தன் பிக்சல் 8க்கு ஏழு வருட அப்டேட் தருவதாக அறிவித்தது. அடுத்த வருடம் சாம்சங்கும் கேலக்ஸி எஸ்24க்கு அதையே சொன்னது. ஐரோப்பிய ஒன்றியத்தில் 2025 ஜூன் 20 முதல் விற்பனைக்கு வரும் போன்களுக்கு விதி கடுமையாகிவிட்டது. 800 முறை சார்ஜ் செய்த பிறகும் பேட்டரியின் கொள்ளளவு 80 சதவீதம் இருக்க வேண்டும். ஒரு மாடலின் விற்பனை நின்ற பிறகும் முக்கியமான உதிரிபாகங்கள் ஏழு வருடம் கிடைக்க வேண்டும். அந்தச் சட்டத்துக்கு நீங்கள் கட்டுப்படத்தான் செய்கிறீர்கள். அப்படிச் சட்டம் இல்லாத நாட்டில் வாங்கியவருக்கும் அதே பேட்டரியை, அதே உதிரிபாகத்தைக் கொடுப்பதில் என்ன தடை? விலை உயர்ந்த மாடலுக்கு ஏழு வருடம், மலிவான மாடலுக்கு இரண்டு வருடம் என்று பிரித்தால், பணம் குறைவாக உள்ளவர்தான் அடிக்கடி போன் மாற்ற வேண்டியிருக்கிறது. இது எனக்குப் பெரிய அநியாயமாகப் படுகிறது.

ஆதரவை நிறுத்தத்தான் வேண்டும் என்றால், வேறு மென்பொருளை ஏற்ற முடியாதபடி நீங்கள் போட்டிருக்கும் பூட்டையும் நிறுத்தும் நாளிலேயே திறந்துவிடுங்கள். பழைய போன்களுக்கென்றே இயங்குதளம் எழுதித் தருகிற தன்னார்வலர்கள் உலகம் முழுக்க இருக்கிறார்கள். உங்கள் பூட்டு வழிவிட்டால், கீறல் விழாத அந்தப் போன் இன்னும் பல வருடம் யாருக்காவது பயன்படும்.

பழைய போனை நாங்கள் திருப்பி எடுத்துக்கொள்கிறோமே என்பீர்கள். பெரும்பாலும் எப்படி எடுக்கிறீர்கள்? புதியது வாங்கினால்தான் பழையதற்கு விலை. ஒன்றைக் கொடுக்க வந்தவர் கையில் இன்னொன்றைக் கொடுத்து அனுப்புகிறீர்கள். உடைந்ததற்கும் உப்பியதற்கும் அந்த விலையும் இல்லை. எதையும் வாங்காமல், எந்த நிறுவனத்தின் போனாக இருந்தாலும், கொடுத்துவிட்டுப் போக ஓர் இடம் வேண்டும். உள்ளே இருந்த படங்களும் கடவுச்சொற்களும் முழுதாக அழிந்தன என்று எழுத்தில் ஓர் உறுதியும் வேண்டும். பலர் கொடுக்கத் தயங்குவது அந்தப் பயத்தால்தான், நான் உட்பட.

ஆசையால் கைவிட்ட இரண்டில் ஒன்றை எடுத்து, எல்லாவற்றையும் அழித்துவிட்டு, படிக்கப் போகும் ஓர் உறவுக்காரப் பிள்ளைக்குக் கொடுத்துவிட்டேன். இன்னொன்று என் மனைவியின் கைக்குப் போகிறது. அவள் இப்போது வைத்திருப்பது பழுதாகும்வரை காத்திருக்கும், புதிது வாங்கப்போவதில்லை. அப்பாவின் போன் என்னிடமே இருக்கும்.

அந்த உப்பிய போன் மட்டும் இப்போதைக்கு ஒரு தகர டப்பாவில், மணலுக்குள், வீட்டுக்கு வெளியே இருக்கிறது. அதை எங்கே கொண்டுபோய்க் கொடுப்பது என்று உங்களில் யாராவது பதில் எழுதுங்கள். எழுதிய மறுநாளே கொண்டுவந்து தருகிறேன்.

இப்படிக்கு,
ஒன்பது போன்கள் இருந்த வீட்டிலிருந்து ஒருவன்