14 நாள் இருக்கிறது

கிருஷ்ணகிரி

அன்புத் தோழிக்கு,

பிரிட்டனில் தம்பி கேட்ட தஞ்சத்தை மறுத்து வந்ததென்று நீ அனுப்பிய நிராகரிப்புக் கடிதத்தை ஒரு பத்தி விடாமல் படித்துவிட்டேன். “எல்லாம் போச்சுடி” என்று குரல் பதிவில் அழுதிருக்கிறாய். போகவில்லை. அப்பீல் இருக்கிறது. ஆனால் 14 நாள்தான், அதுவும் கடிதம் உங்கள் கைக்கு வந்த நாளிலிருந்து அல்ல, அவர்கள் அனுப்பிய நாளிலிருந்து. அழுவதைத் தள்ளிவைத்துவிட்டுத் தம்பியை இன்றைக்கே வக்கீலிடம் கூட்டிப் போ. வருமானம் இல்லாதவன் லீகல் எய்ட், அதாவது அரசுச் செலவில் சட்ட உதவி, கேட்கலாம். அது கிடைத்தால் தீர்ப்பாயக் கட்டணமும் கட்ட வேண்டாம்.

அப்பீல் போவது மறுத்த அதிகாரியிடமே மறுபடி கெஞ்சுவதற்கு அல்ல. முதல்நிலைத் தீர்ப்பாயத்தில் இருப்பவர் நீதிபதி. தஞ்சத்தை மறுத்த உள்துறைக்குக் கட்டுப்பட்டவர் அல்ல. தம்பி வாயாலேயே கேட்பார், புதிய ஆதாரத்தையும் பார்ப்பார். கொண்டுபோக வேண்டியதையெல்லாம் இந்தக் கட்டத்திலேயே கொண்டுபோங்கள். இங்கே தோற்றால் மேல் தீர்ப்பாயத்துக்கு அனுமதி கேட்கலாம், ஆனால் அங்கே சட்டப் பிழையைத்தான் காட்ட முடியும்.

கடிதத்தில் என்னை மிகவும் வருத்தியது தேதி விஷயம்தான். தன்னைப் பிடித்துக்கொண்டுபோனது மாசியில் என்று முதல் விசாரணையில் சொன்னானாம், அடுத்ததில் சித்திரைக்குப் பிறகு என்றானாம், அதனால் நம்ப முடியாதாம். கண்ணைக் கட்டிக் கொண்டுபோய் அடைக்கப்பட்டவனுக்கு நாள் கிழமை எப்படித் தெரியும்? அவனை உட்காரவைத்துத் தேதிகளை மனப்பாடம் செய்யவைக்காதே. ஏன் குழம்பினான், அப்போது தூக்கம் இருந்ததா, என்ன மாத்திரை சாப்பிட்டான், கேள்வி புரிந்ததா என்பதை அவன் வாக்குமூலத்தில் அவன் சொல்லிலேயே எழுதட்டும். விசாரணைக் குறிப்பின் நகலை வாங்கி வரிவரியாகப் படித்துக்காட்டு. மொழிபெயர்ப்பில் பிசகு இருந்தால் அதையும் எழுத வேண்டும்.

முதுகுத் தழும்பு பற்றி ஒரே வரியில் முடித்துவிட்டார்கள். அதை விடவே கூடாது. சித்திரவதைக் காயங்களை ஆராய மருத்துவர்களுக்கு இஸ்தான்புல் நெறிமுறை என்று ஒன்று இருக்கிறது. சொல்லும் சம்பவத்தோடு தழும்பு எவ்வளவு பொருந்துகிறது என்று படிப்படியாக மதிப்பிடுவார்கள். 2019 மார்ச்சில் பிரிட்டன் உச்ச நீதிமன்றத்துக்குப் போனதும் ஓர் இலங்கைத் தமிழரின் முதுகுத் தழும்பு வழக்குதான். தஞ்சம் கேட்பதற்காக அவரே வேறொருவரிடம் சொல்லிச் சூடு வைத்துக்கொண்டிருக்கலாம் என்ற சந்தேகத்தைக் கீழ்நிலையில் ஏற்றிருந்தார்கள். அப்படிச் செய்துகொள்பவர்கள் இருப்பதற்கு ஆதாரமே அனேகமாக இல்லை என்று சொல்லி, உச்ச நீதிமன்றம் வழக்கை மறுவிசாரணைக்கு அனுப்பியது. காயம் எப்படி வந்திருக்கும் என்பதில் மருத்துவர் கருத்துச் சொல்லலாம் என்பதும் அந்தத் தீர்ப்பில் இருக்கிறது. உங்கள் வக்கீலுக்குத் தெரிந்திருக்கும். ஆனாலும் மருத்துவ அறிக்கை கேட்டாரா என்று நீ கேள். அறிக்கை வரத் தாமதமானாலும் அப்பீலை முதலில் போட்டுவிட வேண்டும்.

உனக்கு இதை எழுதும்போது ஊத்தங்கரைப் பக்கத்துப் பாம்பாறு இலங்கை அகதிகள் முகாம்தான் கண்முன் நிற்கிறது. இந்தியா 1951 அகதிகள் உடன்படிக்கையில் கையெழுத்திடவில்லை. 2019 குடியுரிமைத் திருத்தச் சட்டம் சலுகை கொடுத்த நாடுகளின் பட்டியலிலும் இலங்கை இல்லை. 2021-ல் மறுவாழ்வு முகாம் என்று பெயர் மாற்றினார்கள், அது நல்ல மனதோடு செய்ததுதான். ஆனால் உன் பெரியம்மா எந்த உத்தரவை எதிர்த்து எந்தத் தீர்ப்பாயத்துக்குப் போவாள்? அவள் கையில் மறுப்புக் கடிதம்கூட இல்லை. தம்பிக்குக் காரணம் எழுதிக் கொடுத்திருக்கிறார்கள். எழுதியதற்கு எழுதிப் பதில் சொல்லலாம். அந்த உரிமையை அவன் சோர்ந்துபோய் விட்டுவிடக் கூடாது என்றுதான் இவ்வளவு நீளமாக எழுதுகிறேன்.

இங்கே அப்பாவுக்குக் கால் வலி, மற்றபடி நலம். பெங்களூரா மாங்காய்க்கு விலையே இல்லை, பறிகூலிக்குக்கூடக் கட்டாது என்று மரத்திலேயே விட்டுவிட்டார்.

திங்கட்கிழமை ஊத்தங்கரை போகிறேன். இலங்கைக்குத் திரும்பும்வரை தம்பி முகாமில்தான் இருந்தான் என்பதற்குப் பழைய குடும்ப அட்டையும் பள்ளி மாற்றுச் சான்றிதழும் பெரியம்மாவிடம் இருக்கும். நகலெடுத்து, ஆங்கில மொழிபெயர்ப்புக்குச் சான்று வாங்கி, பெரியம்மாவின் வாக்குமூலத்தையும் நோட்டரியிடம் பதிந்து அனுப்புகிறேன். வக்கீலின் மின்னஞ்சல் முகவரி கிடைத்ததும் சொல், நேராக அவருக்கே அனுப்பிவிடலாம். தீர்ப்பாயத்தில் இலங்கைத் தமிழ் பேசும் மொழிபெயர்ப்பாளர் வேண்டும் என்று இப்போதே எழுதிக் கொடுங்கள்.

உன் பழைய பெஞ்சுத் தோழி