பட்டியல் கொடுத்துத் தீர்க்க முடியாதது

ஆசிரியர் அவர்களுக்கு,

வணக்கம். சென்ற இதழில் வந்த உடல் பருமன் கட்டுரையில் அமெரிக்கக் கறுப்பினப் பெண்களுக்கு ஒரே ஒரு வரி ஒதுக்கியிருந்தீர்கள்: பாதிக்கு மேற்பட்டோர் பருமனானவர்கள் என்று. எண் சரிதான்; 2017-18 தேசியக் கணக்கெடுப்பில் அது 56.9 சதவீதம். ஆனால் அதன் பக்கத்தில் பொரித்த கோழியின் படத்தைப் போட்டுவிட்டீர்களே, அதுதான் உறுத்துகிறது. வட கரோலினாவில் பதினோரு ஆண்டுகளாக உணவியல் ஆலோசகராக இருக்கிறேன். எழுதாமல் இருக்க முடியவில்லை.

என்னிடம் வந்த ஒரு பெண்மணியைச் சொல்கிறேன். முதியோர் இல்லத்தில் வேலை. முடிய இரவு பதினொன்றாகும். கடை வாசலில் காரை நிறுத்தி, விளக்கை அணைத்துவிட்டு, நான்கு பேருக்கான சாப்பாட்டைத் தனியாக, ருசிகூடத் தெரியாமல் தின்று முடிப்பார். காலிப் பெட்டியை அங்கேயே குப்பைத் தொட்டியில் போட்டுவிட்டுத்தான் வீட்டுக்குப் போவார். வாரத்தில் மூன்று நாள் இப்படி. இருபது ஆண்டுகளில் அவர் பார்த்த மருத்துவர்கள் எல்லோரும் எடை பார்த்தார்கள், கலோரிப் பட்டியல் கொடுத்தார்கள். எப்படிச் சாப்பிடுகிறீர்கள் என்று ஒருவரும் கேட்கவில்லை. பட்டியலுக்குப் பயந்து பகலெல்லாம் வயிற்றைக் காயப்போட்டவர், இரவில் அதற்கும் சேர்த்துத் தின்றார்.

இதற்குப் பெயர் உண்டு. கட்டுப்பாடு இழந்து அளவுமீறி உண்ணும் கோளாறு என்று 2013-ல் அமெரிக்க மனநல மருத்துவர்களின் கையேட்டில் தனி நோயாகவே சேர்த்தார்கள். வாரம் ஒருமுறை வீதம் மூன்று மாதம் நடந்தாலே கவனிக்க வேண்டும் என்பது கணக்கு.

பிறகு ஏன் யாருக்கும் தெரியவில்லை? 2006-ல் வெளியான ஓர் ஆய்வைப் பாருங்கள். ஒரு பெண்ணின் உணவுப் பழக்கத்தைச் சொல்லும் நாட்குறிப்பை 91 மனநல சிகிச்சையாளர்களிடம் கொடுத்தார்கள். குறிப்பு ஒன்றே, பெண்ணின் இனத்தை மட்டும் ஆளுக்கு ஆள் மாற்றினார்கள். வெள்ளையினப் பெண் என்று படித்தவர்களில் 44 சதவீதம் பேர் சிக்கல் இருப்பதாகச் சொன்னார்கள். கறுப்பினப் பெண் என்று படித்தவர்களில் 17 சதவீதம் பேர்தான். உணவுக் கோளாறு என்றாலே எலும்பும் தோலுமான வெள்ளைக்காரச் சிறுமிதான் சிகிச்சையாளர்களுக்கும் நினைவுக்கு வருகிறாள்.

சேப்பல் ஹில்லில் உள்ள வட கரோலினா பல்கலைக்கழகத்தின் ரேச்சல் கூட் இந்தக் கோளாறுக்கான சிகிச்சையைக் கறுப்பினப் பெண்களிடமே சோதித்து வருகிறார். பசியை அறியும் பயிற்சி அது. கலோரிக் கணக்கு கிடையாது. சாப்பிடுவதற்கு முன்னும் பின்னும் வயிறு இருக்கும் நிலைக்கு 1 முதல் 7 வரை ஓர் எண் எழுத வேண்டும்; 1 என்றால் கொலைப்பசி, 7 என்றால் மூச்சு முட்டும் நிறைவு. மிதமான பசியில் உட்கார்ந்து, மிதமான நிறைவில் எழுந்துவிட வேண்டும். ஆய்வுகள் சிறியவைதாம், கொண்டாடும் நேரம் இன்னும் வரவில்லை.

டியூக் பல்கலைக்கழகத்தின் கேரி பென்னட் குழுவினர் 194 கறுப்பினப் பெண்களிடம் நடத்தி 2013-ல் வெளியிட்ட ஆய்வு வேறு வகை. எடையைக் குறை என்று சொல்லவே இல்லை. ஏறாமல் பார்த்துக்கொள் என்றார்கள். ஓராண்டில் சராசரியாக ஒரு கிலோ குறைந்தது. வழக்கமான சிகிச்சையில் இருந்தவர்களுக்கு அரைக் கிலோ கூடியது. ஒரு கிலோவா என்று சிரிக்க வேண்டாம். வருடந்தோறும் கொஞ்சம் கொஞ்சமாக ஏறுவதுதானே நாற்பது வயதில் பருமனாக வந்து நிற்கிறது?

அந்தப் பெண்மணிக்கும் எண் எழுதும் அட்டை ஒன்றைக் கொடுத்தேன். முதல் வாரம் பசிக்கான கட்டங்கள் எல்லாம் காலி. "பசி எப்படி இருக்கும் என்பதே மறந்துவிட்டது" என்றார். நான்காம் வாரம் இரவு பதினொரு மணிக் கட்டத்தில் 1 என்று எழுதியிருந்தார். பக்கத்தில் சிறிய எழுத்தில்: "இன்று மதியம் சாப்பிடவில்லை."

இப்படிக்கு,
பெயர் வெளியிட விரும்பாத வாசகி,
டர்ஹாம், வட கரோலினா